கிழக்கு அறைக்குப் படிவம் இல்லை

என் அண்ணிக்குக் கடையில் வைத்த பெயர் கண்மூடி. கேலிக்கு வைத்ததுதான், நாளாக ஆக மரியாதைப் பெயராகிவிட்டது. வலிக்கிற காலையோ தோளையோ தொட்ட மறுநிமிஷம் கண்ணை மூடிக்கொள்வாள். வேலை முடிகிறவரை திறக்க மாட்டாள். "கண்ணு தெறந்திருந்தா கை சோம்பேறி ஆயிடும்" என்பாள். பதினான்கு வருஷம் அப்படித்தான் வேலை பார்த்தாள். அந்தப் பழக்கம் ஒருநாள் ஒரு மனிதரின் உயிர் வரைக்கும் போனது. அதில் என் பங்கும் உண்டு. அதை மறைத்துவிட்டு அவளைப் பற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை.

கடை என்றால், செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற எண்ணெய் மசாஜ் நிலையம். சுகம் தேடி வருகிறவர்களைவிட முதுகு பிடித்துக்கொண்டும் கழுத்து திரும்பாமலும் வருகிறவர்கள்தான் எங்களுக்கு அதிகம். முதலாளியம்மா, அண்ணி, நான் என்று மூன்றே பேர். நான் வாசல் மேசையில் உட்கார்ந்திருப்பேன். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நிற்கிறவரிடம் நான் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "மேற்கா, கிழக்கா?" புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் உடனே ஜன்னலைப் பார்ப்பார்கள், சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று. அப்புறம்தான் நான் விளக்குவேன்.

மேற்கத்திய முறைக்கு உயரமான மேஜை, வெள்ளை விரிப்பு, சூடாக்காத எண்ணெய். உள்ளங்கையாலும் முன்கையாலும் நீளநீளமாக இழுத்துத் தேய்ப்பது. பத்தாவது நிமிஷம் குறட்டை கேட்கும். கிழக்கத்திய முறைக்குத் தரையில் மெத்தை. எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடு ஏற்றி, கட்டைவிரலால் புள்ளி புள்ளியாக அழுத்திக்கொண்டே போவது. அழுத்தும்போது உயிர் போகும், எழுந்து நடந்தால் போன உயிர் திரும்பி வரும்.

இன்னொரு வித்தியாசமும் இருந்தது. மேற்குக்குப் படிவம் உண்டு. பெயர், தொலைபேசி எண், இருபத்திரண்டு கேள்விகள். ரத்த அழுத்தம் உண்டா, கால் வீங்குகிறதா, அண்மையில் நெடும்பயணம் போனீர்களா என்று வரிசையாகக் கேட்டிருக்கும். கிழக்குக்குப் படிவமே கிடையாது. அது முதலாளியம்மா போட்ட சட்டம். "அங்க பேப்பர நீட்டினா ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும். அந்த ரூம்ல கைதான் கேக்கணும்" என்பார். அதாவது முதல் ஐந்து நிமிஷம் பாதத்திலிருந்து மேலே கட்டைவிரலால் மெல்லத் தடவிக்கொண்டே போய், எங்கே சூடு, எங்கே இறுக்கம், எங்கே கையே வைக்கக்கூடாது என்று பார்ப்பது. அண்ணியின் கட்டைவிரல் கேட்டால் யாரும் பொய் சொல்ல முடியாது. ஒரு டீச்சரிடம், "எங்கயாவது உயரத்துலேர்ந்து விழுந்தீங்களா?" என்று கேட்டாள். ஏணியிலிருந்து விழுந்து இருபது வருஷமாம். வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லையாம். அந்த அம்மாள் மெத்தையிலேயே அழுதுவிட்டாள்.

அதனால்தான் நான் அந்த மெத்தையில் படுத்ததே இல்லை. "நாள் பூரா உக்காந்தே இருக்க, வா, முதுகத் தேச்சு விடறேன்" என்று அண்ணி எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள். ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துவிடுவேன். எனக்குப் பயம்.

நான் கல்யாணமாகிப் போய் நான்காவது மாதமே அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அண்ணன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அதனால் நானும் அண்ணியும்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கிடப்போம். ஏன் வந்தாய் என்று அவள் ஒருதடவைகூடக் கேட்டதில்லை. வந்த மறுவாரமே முதலாளியம்மாவிடம் பேசி மேசையில் உட்காரவைத்தாள், அவ்வளவுதான்.

ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் பலகை சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இது எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டாள். அவளுடைய கட்டைவிரலில் அரை அங்குலத்துக்கு வெட்டு. அவளுக்கு வலிக்கவே இல்லை. முதலில் வலது கை, பிறகு இடது கை. விடியற்காலையில் எறும்பு ஊர்வது போல ஆரம்பித்தது, கொஞ்ச நாளில் இரண்டு கட்டைவிரலும் அவற்றை அடுத்த விரல்களும் மரத்தே போய்விட்டன.

"டாக்டர்ட்ட போலாம் அண்ணி."

"போனா அதுக்கு ஒரு பேர் வச்சிடுவாரு. பேர் வச்சிட்டா அப்புறம் அது நிஜமாயிடும். யார்கிட்டயும் மூச்சு விடாத. உங்க அண்ணன்கிட்டகூட."

கை போனால் அவளுக்குப் பிழைப்பு போச்சு. அந்தப் பயத்தில் நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். மேற்குக்கு உள்ளங்கை போதும், உள்ளங்கை இன்னும் நன்றாகத்தான் இருந்தது. ஆகவே வருகிற எல்லோரையும் நான் மேற்குக்கே தள்ளிவிட வேண்டும். "உங்க வயசுக்கு மேற்குதான் சார் நல்லது" என்று இருபத்தைந்து வயசுக்காரரிடமும் சொன்னேன், எழுபது வயசுக்காரரிடமும் சொன்னேன். பிடிவாதமாகக் கிழக்குதான் வேண்டும் என்கிறவர்களிடம் வெந்நீர் அடுப்பு கெட்டுவிட்டது என்றேன். முதலாளியம்மா மாலையில்தான் வருவார் என்பதால் வண்டி ஓடியது.

இன்னொரு வேலையும் என்னுடையது. கடைச் சீருடையில் ஏழு சின்னப் பட்டன். அவளால் போட்டுக்கொள்ள முடியாது. தினமும் காலையில் உடை மாற்றுகிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான்தான் போட்டுவிடுவேன். குழந்தை மாதிரி மோவாயைத் தூக்கிக்கொண்டு நிற்பாள்.

அன்றைக்கு ஒரு துளை தவறிவிட்டது. ஏழையும் போட்டு முடித்த பிறகு பார்த்தால் சட்டை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நின்றது. அவளுக்கு இரவெல்லாம் கை உளைச்சல், தூக்கமில்லை. எரிந்து விழுந்தாள்.

"ஒரு பட்டன் நேரா போடத் துப்பில்ல. அதான் அங்க நாலு மாசம்கூட தாக்குப்பிடிக்க முடியல."

மூன்று வருஷமாகச் சொல்லாத ஒரு வார்த்தையை ஒரு பட்டனுக்காகச் சொல்லிவிட்டாள். பட்டனை எல்லாம் அவிழ்த்து மறுபடி போட்டேன், கடைசி ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அதுவும் இல்லை.

இரண்டு மணிக்கு அவர் வந்தார். ஐம்பது வயசுக்கு மேலிருக்கும். நெடுந்தூரப் பேருந்து ஓட்டுகிறவர், காக்கிச் சட்டை. படியில் ஒரு காலை ஊன்றி மறு காலை இழுத்துத்தான் ஏறினார்.

"மூணு நாளா சீட்ட விட்டு எறங்கலம்மா. கெண்டக்கால் பிடிச்சிக்கிட்டு விட மாட்டேங்குது. அஞ்சு மணி வண்டி எடுக்கணும். அதுக்குள்ள ஏதாவது பண்ணி விடுங்க."

"மேற்கா, கிழக்கா சார்?"

"எனக்கு என்னம்மா தெரியும்? எது நல்லதுன்னு நீயே சொல்லு."

மேற்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உள்ளே அண்ணி துண்டு மடித்துக்கொண்டிருந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. நாலு மாசம் என்ற வார்த்தை காதில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. தவிக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் அந்தச் செத்த விரலை வைத்துக்கொண்டு திண்டாடட்டும், அப்போது தெரியும் நான் யார் என்று.

"கிழக்கு சார். உங்களுக்கு அதான் சரி" என்றேன்.

படிவம் நீட்டவில்லை. பெயர் கேட்கவில்லை. அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவர் பிடிவாதமாகக் கேட்டார்போல என்று அவளாகவே எடுத்துக்கொண்டாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

மூன்று மணிக்கு அவர் எழுந்து போனார். அண்ணி எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவப் போனாள். கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது, பிறகு நின்றுபோனது. நான் எட்டிப் பார்த்தேன். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கையை விட்டபடி நின்றிருந்தாள். விரல்வரை ஒன்றும் தெரியாமல், தண்ணீர் உள்ளங்கையைத் தொட்ட பிறகுதான் சுட்டிருக்கிறது.

"அவரு சாக்ஸ் போடும்போது ஒரு கால்ல ஏறல" என்றாள்.

"எந்த சாக்ஸு?"

"எடது கால் சாக்ஸ். கணுக்கால் தாண்டி ஏறல. வீங்கியிருக்குன்னு சிரிச்சாரு, நானும் சும்மா தலைய ஆட்டினேன். எண்ணெய் சூடு, கால் சூடு, எனக்கு எது எதுன்னு தெரியல. கண்ணையும் மூடிக்கிட்டேன்." கையை எடுத்துத் துண்டில் ஒற்றினாள். "ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா இருந்தா கைய வைக்கக் கூடாது. பயிற்சியில மொத நாளே சொல்லித் தர்றது. உள்ள ரத்தம் உறைஞ்சிருக்கும். அழுத்தினா பிச்சுக்கிட்டு நெஞ்சுக்குப் போயிடும். நான் அரை மணி நேரம் அழுத்தினேன்."

அவர் எங்கேயாவது படியில் விழுந்து கிடக்கிறாரோ என்று பார்த்தேன். ஐந்து மணிக்கு அவர் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார், பின்னால் ஐம்பது பேர் தூங்கிக்கொண்டு வருவார்கள் என்பது அடுத்த நொடியில்தான் உறைத்தது.

மேசை இழுப்பறையை இழுத்தேன். கட்டுக்கட்டாகப் படிவங்கள். தலைவலி என்று வந்தவர், தும்மிக்கொண்டு வந்தவர் எல்லோருடைய எண்ணும் அதில் இருந்தது. அவருடையது மட்டும் இல்லை. மேற்கு என்று சொல்லியிருந்தால் இருந்திருக்கும். மேற்கு என்று சொல்லியிருந்தால் கால் வீங்குகிறதா என்ற கேள்விக்கு அவர் ஆமாம் என்று எழுதியிருப்பார், நாங்களும் தொட்டிருக்க மாட்டோம்.

கடையைப் பூட்டிக்கொண்டு ஓடினோம். பேருந்து நிலையம் இருபது நிமிஷ நடை, நாங்கள் பத்தில் போனோம். அண்ணியின் கடைசிப் பட்டன் திறந்து, சட்டை நுனி காற்றில் அடித்துக்கொண்டே வந்தது. அதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நேரக் காப்பாளர் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். "அஞ்சு மணி வண்டி நாலு இருக்கு. டிரைவர் பேர் என்ன?"

"பேர் தெரியாது" என்றேன்.

"பேர் தெரியாதவர எதுக்குத் தேடறீங்க?"

எண்ணெய் மணக்கிற சீருடையில் ஒருத்தி, அழுகிற முகத்தோடு ஒருத்தி. அவர் என்ன நினைத்தாரோ, ஓட்டுநர்கள் ஓய்வறையைக் கையால் காட்டிவிட்டுக் குனிந்துகொண்டார்.

நீளமான அறை, இரண்டு பக்கமும் பெஞ்சு. கடைசி பெஞ்சில் அவர் மல்லாந்து கிடந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை தரையில் தொங்கியது. அண்ணி ஓடிப்போய் அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ தொட்டுப் பாரு" என்றாள். "எனக்குத் தெரிய மாட்டேங்குது."

ஊரார் உடம்பில் மறைந்திருக்கிற வலியை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்தவள், ஒரு மனிதன் இருக்கிறானா போய்விட்டானா என்று தெரியாமல் என்னைக் கேட்கிறாள். நான் கையை நீட்டினேன். முதலில் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி அழுத்திப் பிடித்தேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "என்னம்மா, இன்னும் மிச்சம் இருக்கா தேய்க்க?" என்றார்.

அண்ணி பெஞ்சருகே மண்டியிட்டாள். அவருடைய கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, இரண்டு காலையும் சேர்த்து வைக்கச் சொல்லி, இந்தத் தடவை கண்ணைத் திறந்து பார்த்தாள். இடது கால் இரண்டு விரல் அளவு கூடுதலாகப் பருத்து, செந்நிறமாகப் பளபளத்தது. நான் தொட்டுப் பார்த்தேன். நன்றாகச் சுட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், எந்திரிங்க. இல்ல, எந்திரிக்க வேணாம், வண்டி கூட்டிட்டு வரோம்" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. உக்காந்தே ஓட்டினா கால் வீங்கத்தான் செய்யும். என் வண்டிய யார் எடுப்பா?" அவர் எழுந்து ஷூவைத் தேடினார். சுற்றிலும் ஏழெட்டு ஓட்டுநர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

அண்ணி அவர் முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"இந்தக் கட்டைவிரல் ரெண்டும் ஆறு மாசமா செத்துக் கெடக்கு. உங்க கால்ல என்ன இருக்குன்னு தெரியாமலே நான் அழுத்திட்டேன். மறைச்சுத்தான் வேல பாத்தேன். ரத்தக்கட்டியா இருந்தா எந்த நேரமும் நெஞ்சுக்கு வரும். நீங்க வண்டி எடுத்தா அது உங்க ஒருத்தரோட போகாது, பின்னால அம்பது பேர் இருக்காங்க. என்ன நம்ப வேணாம், டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிட்டு வந்து என்னத் திட்டுங்க."

ஆறு மாதம் மறைத்ததை அத்தனை பேருக்கும் நடுவில் ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். அதோடு அவள் பிழைப்பும் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஓட்டுநர்களில் ஒருவர், "அண்ணே, நான் எடுக்கறேன் உங்க வண்டிய, நீங்க போங்க" என்றார். அதன் பிறகுதான் அவர் அசைந்தார்.

முழங்காலுக்குப் பின்னால் ரத்தக்கட்டி இருந்தது. பிய்ந்து போகவில்லை. எப்படிப் போகாமல் இருந்தது என்று டாக்டருக்கே ஆச்சரியம். ரத்தத்தை இளக்குகிற மருந்தை ஏற்றிப் படுக்க வைத்தார்கள். இன்னும் பத்து மணி நேரம் உட்கார்ந்து ஓட்டியிருந்தால் என்று ஆரம்பித்து, டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

பயம் அதோடு போயிருக்க வேண்டும். எனக்குப் போகவில்லை, அவருக்காக இருந்த பயம் எனக்கான பயமாக மாறி வந்து உட்கார்ந்தது. அவர் அண்ணியிடம் பேசுவார். எது நல்லது என்று உன்னைத்தானே கேட்டேன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் பிழைக்க வேண்டும் என்று வேண்டிய அதே மனசு, அவருக்கு எதுவும் ஞாபகம் இல்லாமல் போனால் தேவலை என்றும் வேண்டியது. என்னைக் கண்டு எனக்கே பயமாக இருந்தது.

மறுநாள் காலை நாங்கள் பார்க்கப் போனபோது தலையணையில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அண்ணி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் கையமர்த்தினார்.

"இந்தத் தங்கச்சிக்குத்தான் நான் நன்றி சொல்லணும்" என்று என்னைக் காட்டினார். "மேற்கோ கிழக்கோ, எனக்கு என்ன தெரியும்? எது நல்லதுன்னு கேட்டேன். கிழக்கு, உங்களுக்கு அதான் சரின்னு சொல்லுச்சு. அங்க போகப்போய்த்தான நீங்க சாக்ஸப் பாத்தீங்க, என்னத் தேடி வந்தீங்க."

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. அவருடைய போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். படியிறங்கும்போது பாதியில் நின்றாள்.

"அவ்ளோ கோவமா என் மேல?"

"ஆமா அண்ணி."

"என் மேல இருந்த கோவத்துக்கு அந்த மனுஷன் கால்" என்றாள். நான் செய்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்று மாலை முதலாளியம்மாவிடம் விரல்களைப் பற்றிச் சொன்னாள், படிவம் இல்லாததைப் பற்றிச் சொன்னாள். என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

முதலாளியம்மா மூன்று நாள் எங்களிடம் பேசவில்லை. நான்காவது நாள் படிவம் கட்டுக்கட்டாக அச்சாகி வந்தது, இரண்டு அறைக்கும். அண்ணியின் வியாதிக்கு டாக்டர் பேர் வைத்தார். பதினான்கு வருஷம் அழுத்தி அழுத்தி மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது. சின்ன அறுவை சிகிச்சைதான், உணர்வு முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். இரண்டு கைக்கும் சேர்த்து ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் அவளுக்குப் பட்டன் போட்டது, தலை சீவியது, சோறு பிசைந்து கொடுத்தது எல்லாம் நான்தான். ஒரு துளைகூடத் தவறவில்லை.

திரும்ப வேலைக்கு வந்த அன்று காலை அவளே ஏழு பட்டனையும் போட்டுக்கொண்டாள். பத்து நிமிஷம் ஆனது. பிறகு கிழக்கு அறை மெத்தையைக் காட்டினாள்.

"படு. வேற யார் மேலயும் மொதல்ல கை வைக்க எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும் பயம்தான். ஆனால் இல்லை என்று சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. படிவத்தைப் பூர்த்தி செய்து அவள் கையில் கொடுத்தேன். இருபத்திரண்டு கேள்விக்கும் இல்லை என்றே எழுதியிருந்தேன். குப்புறப் படுத்தேன். எண்ணெய் வேண்டாம் என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பாதத்தில் ஆரம்பித்துக் கட்டைவிரல் மெல்ல மேலே வந்தது. கெண்டைக்கால், இடுப்பு, முதுகு. கண்ணை மூடியிருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். மூடவில்லை.

இடது விலாவுக்குப் பின்னால் வந்ததும் விரல் நின்றது. முன்னே போனது, திரும்பி வந்தது. உடைந்து, தானாகக் கூடிய எலும்பு அங்கே ஒரு முடிச்சாக இருப்பது எனக்குத் தெரியும். நான்கு வருஷமாக ஒருவரையும் தொட விடாத இடம் அது.

"இது எப்ப?" என்றாள்.

"படியில விழுந்தேன்."

"விழுந்தா இந்த எடத்துல ஒடையாது."

நான் மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவள் கையை எடுக்கவில்லை. அந்த முடிச்சின் மேல் கட்டைவிரலை அழுத்தாமல் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கீழே செருப்புக் கடையில் ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்டது.

"நாலு மாசம் எப்பிடித் தாக்குப்பிடிச்ச?" என்றாள் அண்ணி.